சூரியப் பெட்டியின் சட்டை

பாளையங்கோட்டையில் பியூலா வைத்த கழுத்து என்றால் தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். கொயர் பிள்ளைகளின் வெள்ளை அங்கியானாலும் சரி, நர்சிங் படிக்கிற பிள்ளைகளின் யூனிபார்மானாலும் சரி, கழுத்து பிடிக்காது, தொங்காது, ஓரத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. இருபத்தாறு வருஷமாக வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சபையில் பிரசங்கம் நீண்டுபோனால், முன்வரிசைக்காரர்களின் காலர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எது தன் தையல், எது அடுத்த தெரு டெய்லரின் தையல் என்று பிரித்துக்கொண்டிருப்பாள். அது பாவமா என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை.

அவள் புருஷன் பாக்கியசீலன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். மகள் ஸ்டெபி காலேஜில் பிசிக்ஸ் மூன்றாம் வருஷம் படிக்கிறாள் என்பதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தமாட்டார். "எம்மவ சூரியனையே உத்துப் பாக்கப் போறா வே" என்று பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஆனால் அதில் பொய் ஒன்றும் கிடையாது. ஸ்டெபியும் அவளோடு படிக்கிற பத்துப் பேரும் முதல் வருஷத்திலிருந்தே ஒரு தொலைநோக்கி செய்துகொண்டிருந்தார்கள். முழ நீளம்தான் இருக்கும். ராக்கெட்டில் ஏறி, பூமியைச் சுற்றிக்கொண்டே சூரியனைப் பார்க்கப்போகிற தொலைநோக்கி. சூரியனிலிருந்து வருகிற ஒருவகை ஒளியைக் காற்று மண்டலம் தரைக்கு விடுவதில்லை, அதை மேலே போய்த்தான் பார்க்கவேண்டும். பெரிய செயற்கைக்கோள்களுக்கு நடுவே ராக்கெட்டில் ஒரு மூலை இவர்களுக்குக் கிடைத்திருந்தது. ஜூலை பதினெட்டுக்குள் தொலைநோக்கிப் பெட்டியை ஒப்படைக்கவேண்டும். தவறினால் அந்த மூலை வேறு ஊர்ப் பிள்ளைகளுக்குப் போய்விடும்.

பியூலா இதற்குள் வந்து சேர்ந்தது கழுத்தால்தான். மே மாதம் ஒருநாள் ஸ்டெபி ஒரு காகித மாதிரியைச் சுருட்டிக்கொண்டு வந்து மெஷின்மேல் விரித்தாள்.

"எம்மா, இது தொலைநோக்கிக்குப் போடுத போர்வை. வெயில் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறையும், அதுக்காவ. வாய்ப்பக்கம் மட்டும் சுருங்கிச் சுருங்கிப் போகுது. நாலுதடவ வெட்டிட்டோம்."

"வாய்ப்பக்கம்னா?"

"குழல் வட்டமா முடியும்லா, அங்கன."

"அப்பக் கழுத்துன்னு சொல்லு." பியூலா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "கழுத்துக்குப் போயி யாராவது இப்படி மொட்டையா வெட்டுவாவளாட்டி? ஓரத்துல அரிசி அரிசியா வெட்டு விட்டாத்தான மடங்கும். பதினோரு பேரும் படிச்சிதான கிழிச்சிய!"

மறுநாளே, பிள்ளைகளுக்கு இந்த வேலையில் வழிகாட்டுகிற பேராசிரியர் ஆவுடைநாயகம் பியூலா வீட்டுக்கு வந்துவிட்டார். காபியை ஆறவிட்டு, அவள் திருத்தி வெட்டிய மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, இத நீங்கதான் தைக்கணும்" என்றார். அதற்குப் பிறகு பாக்கியசீலனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

தையல் வீட்டில் நடக்காது. காலேஜ் மாடியில் ஓர் அறையைத் தூசி புகாமல் அடைத்து, வடிகட்டிய காற்றை உள்ளே விட்டிருந்தார்கள். அங்கே போக முழு அங்கி, தொப்பி, முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டவேண்டும். கதவில் நாற்பது விதிகள் ஒட்டியிருந்தன. பூ கூடாது, பவுடர் கூடாது, சென்ட் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. மெஷினுக்கும் எண்ணெய் கூடாது என்பதால் கைத்தையல். வெள்ளித்தாள் மாதிரி மெல்லிய தகடு பத்து அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் வலைத்துணி. மூச்சு விட்டால் அசையும்.

பியூலா அந்த நாற்பது விதிகளையும் வேத வசனம்போல மனப்பாடம் பண்ணினாள். வேலை நடந்த ஆறு நாளும் காலையில் எண்ணெய்ப் பாட்டிலைத் தொடவில்லை. அவளுக்குப் பயமெல்லாம் வாயைப் பற்றித்தான். நூல்முனையை நாக்கில் ஈரப்படுத்திக் கோக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. முகக்கவசம் இருந்தபடியால் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள். கழுத்தைத் தைத்து முடித்து, குழலில் மாட்டிப் பார்த்தபோது, பிள்ளைகள் பதினோரு பேரும் கைதட்டினார்கள். கையுறைக்குள் சத்தமே வரவில்லை. பியூலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனி பிறந்து நாலாம் நாள் ஸ்டெபி பேயறைந்த மாதிரி வீட்டுக்கு வந்தாள். மேலைக்காற்று தெருமண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. பியூலா கதவை ஒருக்களித்துச் சாத்தி, தட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் வைத்தாள். பிள்ளை கையை வைக்கவே இல்லை.

"என்னட்டி?"

"சோதன தோத்துட்டும்மா. போர்வைய ஒரு பாத்திரத்துல வச்சிக் காத்த உறிஞ்சிட்டு, ரெண்டு நாள் சூடு போட்டோம். பக்கத்துல ஒரு கண்ணாடித் துண்டு வப்போம். சாட்சிக் கண்ணாடின்னு பேரு. போர்வையில இருந்து ஏதாவது ஆவி வந்தா அதுல படியும். ஒண்ணும் படியக்கூடாது. எண்ணெய் படிஞ்சிருக்கு."

"கொஞ்சூண்டு எண்ணெய்தான?"

"மேல போனா அது தொலைநோக்கியோட கண்ணாடியில போயி ஒக்காரும். வெயில் படப் படக் கருகிப் பிடிச்சிரும். நம்ம தோசக்கல்லு ஓரத்துல பிடிச்சிருக்கு பாரு, அப்படி. மூணு மாசத்துல குருடாயிரும்மா. ரெண்டு வருஷம் பாடுபட்டது எல்லாம் போச்சு."

"எண்ணெய் எங்கன இருந்து வந்துச்சாம்?"

ஸ்டெபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தாஜ்தான். வேற யாரு? நாந்தான் சார்ட்ட சொன்னேன். இனும உள்ள வராதன்னு சொல்லிட்டாவ."

தாஜ் முகம்மது மேலப்பாளையத்துப் பையன். தொலைநோக்கியின் கண்ணாடிகளை மயிரிழை பிசகாமல் உட்காரவைத்தவன் அவன்தான். போன நோன்புக்கு ஒருநாள் அத்தர் பூசிக்கொண்டு வந்துவிட்டான். அறையே மணத்தது. சென்ட் கூடாது என்ற விதி அதற்குப் பிறகுதான் கதவில் ஏறியது. அத்தரும் ஒருவகை எண்ணெய்தானே, இப்போது எண்ணெய் என்றதும் எல்லோருக்கும் அவன் ஞாபகம் வந்தது. பியூலாவுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்தப் பையன் இப்படிச் செய்யலாமா என்றுதான் அவளும் நினைத்தாள்.

மறுநாள் மத்தியானம் கொயர் அங்கி ஒன்றுக்குக் கையால் கீழ்மடிப்பு தைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் ஏதோ பாட்டு. பத்துத் தையல் போயிருக்கும். துணி கொஞ்சம் கனம், ஊசி முரண்டு பிடித்தது. அவள் கை தானாக மேலே போய், காதுக்கு மேலே முடியில் ஊசியை இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி துணிக்கு வந்தது. ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

பியூலாவின் கை அப்படியே நின்றுபோனது.

தையல்காரிகள் எல்லோரும் செய்கிறதுதான். முடியில் இருக்கிற எண்ணெய் ஊசியில் ஏறினால் தையல் ஓடும். யாரும் நினைத்துச் செய்வதில்லை. அந்த ஆறு நாளும் அறையில் புழுக்கம் தாங்காமல் தொப்பியைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டிருந்தது ஞாபகம் வந்தது. காலையில் எண்ணெய் வைக்கவில்லை, சரி. ஆனால் நாற்பது வருஷம் தேங்காய் எண்ணெய் குடித்த முடி ஒரு காலையில் காய்ந்துபோகுமா? நாக்கைக் கட்டிக் காவல் வைத்தாளே தவிர, கையை அவள் கவனிக்கவே இல்லை. எத்தனை தடவை போயிற்றோ, கர்த்தருக்குத்தான் தெரியும்.

பாக்கியசீலன் சாயந்தரம் ஐந்து மணிக்கு வந்தார். பியூலா விளக்கம் எல்லாம் சொல்லவில்லை. ஊசியை எடுத்துத் தலையில் இழுத்துக் காட்டினாள். அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது.

"யாரும் பாத்தாவளா?"

"இல்ல."

"அப்பச் சவத்த விடுளா! அவிய வேற போர்வ தச்சிக்கிடட்டும். நீ போயிச் சொன்னா பிள்ளைக்கு அசிங்கம். நான் ஊரு பூராச் சொல்லி வச்சிருக்கேன், எம் பொண்டாட்டி தச்சதுதான் விண்வெளிக்குப் போவுதுன்னு. நாளைக்கு எவன் மூஞ்சியில முழிக்க?"

"அந்தப் பையன வெளிய நிப்பாட்டி வச்சிருக்காவ."

"ரெண்டு நாள்ல சேத்துக்கிடுவாவ."

"காரணம் தெரியாமத் திரும்பத் தச்சா, திரும்பவும் எண்ணெய்தான படியும்? தகடு இன்னும் ஒரு போர்வைக்குத்தான் இருக்காம். அதும் போச்சுன்னா?"

பாக்கியசீலன் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவர் வாய் மூடிக் கிடந்த சாயந்தரம் அது ஒன்றுதான் இருக்கும்.

பியூலாவுக்குக் கொஞ்சமாகவா வலித்தது? அவள் தையலில் இதுவரை ஒருத்தர் குறை சொன்னதில்லை. பெரிய படிப்புக்காரர்கள் கூப்பிட்டுக் கொடுத்த ஒரே வேலை. இனிமேல் அந்த அறைக்குள் யார் விடப்போகிறார்கள்? இருந்தாலும் காலையில் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறவள் கசங்கிப்போய்ப் போகவேண்டியதில்லை என்பது அவள் கட்சி.

காலேஜ் மாடி வராந்தாவில் தாஜ் முகம்மது ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் எழுந்தான். பியூலா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே பேராசிரியர் அறைக்குள் போனாள். ஸ்டெபியும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கம்மா, என்ன இந்தக் காத்துல?" என்றார் ஆவுடைநாயகம்.

"சார், அந்த எண்ணெய் என் தல எண்ணெய்."

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். பியூலா ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊசியை உருவினாள். "இந்தா, இப்படித்தான். தைக்கும்போது என் கை இப்படிப் போகும். நேத்துத்தான் கண்டேன். தொப்பிய வேற ஏத்தி விட்டிருந்தேன். இந்தப் பையனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

ஸ்டெபி ஓரடி முன்னால் வந்தாள். "எம்மா…"

"நீ சும்மா இருட்டி."

தாஜ் மெதுவாகச் சொன்னான். "நான் அத்தர் தொட்டு நாலு மாசமாச்சும்மா. சொன்னேன். யாரும் நம்பல." அவன் ஸ்டெபியைப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் அவளைச் சுட்டது.

ஆவுடைநாயகம் ஊசியை வாங்கி மேஜைமேல் வைத்தார். "நீங்க வந்து சொல்லலைன்னா இத நாங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோம்மா. அறையப் பூராக் கழுவிட்டு, அதே தப்ப மறுபடியும் செஞ்சிருப்போம். சரி, அறிக்கையில ‘காரணம் தெரியவில்லை’ன்னு போட்டுக்கிடுவோம். பெங்களூர்ல இருந்து பெட்டியச் சோதிக்க வாரவங்களுக்கு உங்க பேரு எதுக்கு?"

"தெரிஞ்சிட்டுலா சார். தெரிஞ்சத எப்படித் தெரியலைன்னு எழுதுவிய? ரெண்டு நாளா இவன் பேரு எல்லார் வாயிலயும் கெடந்துச்சு. இனும எம் பேரு கெடக்கட்டும். எழுதுங்க."

அவர் பேனாவை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினார்.

அடுத்த கேள்வி, மிச்சமிருக்கிற தகட்டை யார் தைப்பது என்பது. பியூலாதான் பேசினாள்.

"நானே தைக்கேன் சார். இந்தக் கழுத்து வேற யாருக்கும் வராது. ஆனா என் கைய நான் நம்ப மாட்டேன். யாராவது எதுக்க ஒக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கணும். மேல போச்சுன்னா தடுக்கணும்."

"நான் பாக்குதேம்மா" என்றான் தாஜ்.

அன்றைக்கே தலைமுழுக்கு ஆரம்பமானது. சீயக்காய் போட்டுத் தேய்த்து, அதற்குமேல் ஷாம்பூ போட்டு, காலை ஒன்று மாலை ஒன்று என்று ஐந்து நாள். முடி தென்னந்துடைப்பம் மாதிரி விறைத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை அப்படியே கோயிலுக்குப் போனாள். எண்ணெய் வழித்துப் படிய வாரிய தலைகளுக்கு நடுவே இவள் தலை மட்டும் பறந்துகொண்டு நின்றது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஸ்வீட்லின் அக்கா வழிமறித்தாள்.

"என்ன பியூலா, கோலம் இது? வீட்டுல ஏதும் துக்கமா? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"துக்கம் ஒண்ணும் இல்லக்கா. எம்மவளும் கூடப் படிக்கிற பிள்ளையளும் சூரியனப் பாக்க ஒரு பெட்டி செய்யுதாவ. அதுக்கு நான் சட்ட தைக்கேன். தலையில எண்ணெய் ஆகாது."

"சூரியனுக்கும் உன் தலைக்கும் என்னட்டி?"

"அதச் சொல்லணும்னா ஒரு மணிக்கூர் ஆவும்க்கா. கறிக்கொழம்பு அடுப்புல கெடக்கு, வாரேன்" என்று நிமிர்ந்து நடந்தாள்.

திங்கட்கிழமை தையல் தொடங்கியது. தொப்பியைத் தாடைக்குக் கீழே நாடா வைத்துக் கட்டியிருந்தார்கள். எதிரே தாஜ், கையில் ஒரு எண்ணும் கருவியோடு. பியூலாவின் கை தோளுக்கு மேலே எழும்பினால் "ம்மா" என்பான். கை அப்படியே நிற்கும். கையுறையை மாற்றுவார்கள், ஊசியைத் துடைப்பார்கள், மறுபடி தொடங்குவாள். முதல் நாள் இருபத்துமூன்று தடவை. இரண்டாம் நாள் பத்தொன்பது. மூன்றாம் நாள் ஆறுக்கு இறங்கியது. நாலாம் நாள் ஸ்டெபிக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சை எவனோ எடுத்து, கை தன்னை மறந்து, பதினொன்றுக்கு ஏறிவிட்டது.

"ஏலே, இனும யாராவது இந்த அறையில பேசினிய, கையுறையோட அடிப்பேன்" என்றாள் பியூலா. விதிகளில் அதையும் சேர்க்கலாமா என்று தாஜ் கேட்டான். அன்றுதான் ஸ்டெபி அவனோடு சேர்ந்து சிரித்தாள். மன்னிப்பு எப்போது கேட்டாளோ, தெரியவில்லை. வராந்தாவில் இரண்டு டம்ளர் டீயோடு அவன் முன்னால் அவள் நெடுநேரம் நின்றதைப் பியூலா பார்த்தாள். என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் கழுத்து வந்தது. சின்னச் சின்ன வெட்டாக விட்டு, ஒவ்வொன்றையும் மடக்கி மடக்கி, நாற்பத்தெட்டுத் தையல். தாஜ் கண்ணை எடுக்கவில்லை. கடைசித் தையலுக்கு முடிச்சுப் போட்டுப் பியூலா நிமிர்ந்தபோது அவன் கருவியைத் திருப்பிக் காட்டினான். பூஜ்யம்.

இரண்டாவது சாட்சிக் கண்ணாடி, வைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே வந்தது.

ஜூலை முதல் வாரம் பெங்களூர் விண்வெளி மையத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி ராக்கெட்டுக்குப் போகும். வேண்டாம் என்றால் அதோடு சரி. போர்வையைக் கழற்றி மாட்டச் சொன்னால் ஆள் வேண்டுமே என்று ஆவுடைநாயகம் பியூலாவையும் வரச் சொல்லியிருந்தார். அவள் வராந்தாவில், திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாக்கியசீலன் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, வேர்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்களில் மூத்தவர் ஒரு பெண். திருச்சிப் பக்கம். குரல் கறாராக இருந்தது. காலையிலிருந்து ஒவ்வொரு காகிதமாகக் கேட்டு, பிள்ளைகளைப் பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் தாண்டி அந்த அறிக்கை அவர் கைக்கு வந்தது. சத்தமாகவே படித்தார்.

"காரணம்: தைத்தவர் ஊசியைத் தலைமுடியில் இழுத்தார். கண்டுபிடித்தவர்: தைத்தவர்." கொஞ்சம் நிறுத்தினார். "இருபத்தெட்டு வருஷத்துல இப்படி ஒரு அறிக்கைய நான் பார்த்ததில்ல. இரண்டாவது போர்வையைத் தைத்தது யார்?"

"அவங்களேதான் மேடம்" என்றார் ஆவுடைநாயகம்.

"ஒருதடவ கெடுத்த அதே கையா? எந்த நம்பிக்கையில கொடுத்தீங்க?"

பாக்கியசீலன் தலையைக் குனிந்துகொண்டார். தன்னால் இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் போய்விடுமோ என்று பியூலா பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

நாற்காலி ஒன்று நகர்ந்தது. தாஜின் குரல் வந்தது.

"மேடம், அந்த எண்ணெய்க்கு முதல்ல பழி விழுந்தது என்மேல. இவங்க சும்மா இருந்திருந்தா யாருக்கும் தெரியாது. சாட்சிக் கண்ணாடிக்குக்கூட எண்ணெய்னுதான் தெரிஞ்சிச்சு, யாரு எண்ணெய்னு தெரியல. யாரும் கேக்காமலே வந்து சொன்னாங்க. ரெண்டாவது தடவ நான் அஞ்சு நாள் அந்தக் கையத் தவிர வேற எதையும் பாக்கல. வேற ஆளு தச்சிருந்தா எனக்கு இப்பப் பயமா இருந்திருக்கும். இவங்க தச்சதுல பயம் இல்ல."

"யாருப்பா அவங்க? உங்க டெக்னீஷியனா?"

"எங்க அம்மா மேடம்" என்றாள் ஸ்டெபி. வராந்தா முழுக்கக் கேட்டது. "டெய்லர். வெளியதான் இருக்காங்க."

செருப்புச் சத்தம் கதவை நோக்கி வந்தது. பியூலா எழுந்து நின்றாள். கறுப்புக்கரை சேலையில், கையில் அந்த அறிக்கையோடு அந்த அம்மாள் எதிரே வந்து நின்று, இவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். காய்ந்து பறக்கிற முடியில் அவர் கண் கொஞ்சம் தங்கியது.

"இதுல எழுதியிருக்கிற பியூலா நீங்கதானா?"

"ஆமா."

"தையற்காரர் கையெழுத்துன்னு ஒரு கட்டம் இருக்கு. இரண்டு தாள்லயும் இருக்கு. தப்பு நடந்த தாள், சரியா வந்த தாள். இரண்டும் பெட்டியோட போகும். எதுல போடுவீங்க?"

பியூலா பேனாவை வாங்கினாள். பெஞ்சில் தாள்களை வைத்து, குனிந்து, இரண்டிலும் தன் பேரைத் தமிழில் முழுசாக எழுதினாள். பிறகு நிமிர்ந்து அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டும் நாந்தாம்மா" என்றாள்.

அந்த அம்மாள் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, அவள் பேருக்குக் கீழேயே தன் கையெழுத்தைப் போட்டார்.